பறவை நுரையீரல் பாதி வழியில எப்படி வேலை செஞ்சிருக்கும்? முதலையையும் உடும்பையும் பார்த்தா தெரியும்

ப்ளஸ் டூ படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டது இது: "பறவையோட நுரையீரல்ல காத்து ஒரே திசையில போகுது. பல்லி, முதலைக்கெல்லாம் நம்மள மாதிரி உள்ள போய் அதே வழியில திரும்பி வருது. பறவை ஊர்வன வம்சத்துல இருந்து வந்துச்சுன்னா, நடுவுல பாதி இப்படி பாதி அப்படி இருந்த பிராணி எப்படி மூச்சு விட்டிருக்கும், செத்துப் போயிருக்காதா?"

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. பரிணாமத்தை ஏத்துக்காதவங்க பல வருஷமா வைக்கிற வாதமும் இதேதான், அதனால நீளமாவே சொல்றேன். ஆனா பதிலை முதல்லயே சொல்லிடறேன், உங்க கேள்வியில ரெண்டாவது வரி தப்பு. முதலைக்கும் காத்து ஒரே திசையிலதான் போகுது, உடும்பு வகையிலயும் அப்படித்தான். இது 2010ல இருந்துதான் தெரிய ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி இந்தத் துறையில இருந்த பெரிய ஆளுங்களே நீங்க சொன்ன மாதிரிதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்போ நீங்க தேடுற அந்தப் பாதி வழிப் பிராணி செத்தெல்லாம் போகல, ஈசிஆர்ல வடநெம்மேலி முதலைப் பண்ணையில வெயில் காஞ்சிட்டு படுத்திருக்கு.

எப்படின்னு புரிய முதல்ல நம்ம நுரையீரலைப் பார்த்துடலாம். நம்மளது பட்டறையில இருக்கிற துருத்தி மாதிரி, ஒரே வாய், விரிஞ்சா காத்து உள்ள வரும், சுருங்கினா அதே வாய் வழியா வெளிய போகும். சும்மா உக்காந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் இழுக்கிறோம், அதுல 150 மில்லி வாக்குல மூச்சுக்குழாயிலயே நின்னுட்டு எந்த வேலையும் செய்யாம திரும்பிடும். மிச்சமும் காலி இடத்துக்குப் போகல, மூச்சை விட்ட பிறகும் உள்ள ரெண்டு லிட்டருக்கு மேல பழைய காத்து தங்கியிருக்கு, அதோட போய் கலக்குது. வெளிக்காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம்னா நம்ம காற்றறைகளுக்குள்ள 14 சதவீதம்தான் வரும். நமக்கு அது போதும், அதனாலதான் ஓடிட்டிருக்கு.

பறவையோடது எப்படின்னு பார்க்க லேபுக்கெல்லாம் போக வேண்டாம், கோழிக்கடையில நின்னு கவனிங்க. முழுக்கோழியை சுத்தம் பண்ணும்போது குடல், ஈரல், இதயம் எல்லாம் ஒரு இழுப்புல கையோட வந்துடும், நுரையீரல் மட்டும் வராது. முதுகுப் பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவுல ரோஸ் கலர்ல பஞ்சு பஞ்சா ஒட்டிக்கிட்டு இருக்கும், விரலை விட்டு நோண்டித்தான் எடுக்கணும். எடுத்துத் திருப்பிப் பார்த்தீங்கன்னா விலா எலும்பு பதிஞ்ச பள்ளம் வரிவரியா இருக்கும். இவ்ளோ இறுக்கமா எலும்போட ஒட்டின ஒண்ணு எப்படி விரிஞ்சு சுருங்கும்னு தோணுதா, கிட்டத்தட்ட விரியறதே இல்ல. பறவையில துருத்தி தனி, ஆக்சிஜன் எடுக்கிற இடம் தனி. துருத்தி வேலையைப் பார்க்கிறது காற்றுப்பைகள். பெரும்பாலான பறவைகளுக்கு 9 இருக்கும், கழுத்துல, நெஞ்சுல, வயித்துலன்னு, கண்ணாடி மாதிரி மெல்லிசான சவ்வு, கடைக்காரர் கை பட்டதுமே கிழிஞ்சுடும், அதனாலதான் நாம அதைப் பார்த்ததே இல்ல. அந்தப் பைகள்ல ரத்தக்குழாய் ரொம்ப கம்மி, அங்க ஆக்சிஜன் எடுக்கிற வேலையே நடக்காது.

காத்து போற வழி இப்படி. முதல் மூச்சு இழுக்கும்போது புதுக்காத்துல பெரும்பங்கு நுரையீரலைத் தாண்டி நேரா பின்பக்கப் பைகளுக்குப் போகுது. மூச்சு விடும்போது அந்தப் பைகள் சுருங்கி காத்தை நுரையீரலுக்குள்ள தள்ளுது, அங்க நம்மள மாதிரி முட்டுச்சந்து காற்றறை கிடையாது, ரெண்டு பக்கமும் திறந்த நுண்குழாய்கள், அது வழியா காத்து பின்னால இருந்து முன்னால போகுது. ரெண்டாவது தடவை மூச்சு இழுக்கும்போது நுரையீரல்ல இருந்த காத்து முன்பக்கப் பைகளுக்கு வருது, ரெண்டாவது தடவை விடும்போதுதான் வெளிய போகுது. அதாவது உள்ள போன காத்து வெளிய வர ரெண்டு மூச்சு ஆகுது, பறவை மூச்சு இழுத்தாலும் சரி விட்டாலும் சரி நுரையீரலுக்குள்ள புதுக்காத்து ஓடிட்டே இருக்கு, அதுவும் ஒரே திசையில. 1970 வாக்குல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல க்னூட் ஷ்மிட்-நீல்சன் குழு இதை வாத்துலயும் நெருப்புக்கோழியிலயும் அளந்து காட்டினாங்க. ஒரே ஒரு மூச்சுக்கு சுத்த ஆக்சிஜன் குடுத்துட்டு அது எந்தப் பையில எப்போ வந்து சேருதுன்னு பார்த்தாங்க, பின்பக்கப் பைகள்ல உடனே வந்துச்சு, முன்பக்கப் பைகளுக்கு அடுத்த மூச்சுலதான் வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், உள்ள வால்வுன்னு ஒண்ணு கூட கிடையாது. திறந்து மூடுற சவ்வோ தசையோ இல்ல. குழாய்கள் பிரியற கோணமும் காத்தோட வேகமும் சேர்ந்தே காத்தை சரியான வழியில திருப்பிடுது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, உங்க கேள்விக்கான பதில் இதுக்குள்ளதான் இருக்கு.

காற்றுப்பைகள் எலும்புக்குள்ளயும் நுழையும், இதுவும் பின்னாடி டைனோசருக்கு வரும்போது தேவைப்படும். லண்டன்ல ஜான் ஹண்டர்ங்கற சர்ஜன் 1774லயே எழுதி வெச்சிருக்காரு, கோழியோட மூச்சுக்குழாயைக் கட்டிட்டு இறக்கையோட மேல் எலும்பை வெட்டித் திறந்தா, அந்த எலும்பு ஓட்டை வழியாவே நுரையீரலுக்கு காத்து போய்வந்துச்சாம். படிக்கவே கஷ்டமா இருக்கு, ஆனா எலும்புக்கும் நுரையீரலுக்கும் நேரடி வழி இருக்குன்னு அன்னைக்கே நிரூபணம் ஆயிடுச்சு.

இந்த ஏற்பாட்டால என்ன லாபம்னா, 1968ல வான்ஸ் டக்கர்னு ஒருத்தர் சிட்டுக்குருவியையும் எலியையும் 6,100 மீட்டர் உயரத்துல இருக்கிற காத்தழுத்தத்துல வெச்சுப் பார்த்தாரு. எலி நகரவே முடியாம கிடந்துச்சு, குருவி பறந்துச்சு. நம்ம திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு குளிர்காலத்துல வர்ற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வர்ற பறவை, அந்த இனத்துக்கு கருவி மாட்டி அளந்தப்போ 7,290 மீட்டர் வரைக்கும் பதிவாச்சு. நுரையீரல் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், அதோட ஹீமோகுளோபினே ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கிற வகை.

சரி, இப்ப ஊர்வனவுக்கு வருவோம். தவளை தொண்டையை உப்பி உப்பி காத்தை நுரையீரலுக்குள்ள தள்ளும், இழுக்கத் தெரியாது. விலா எலும்பை விரிச்சு காத்தை உள்ள இழுக்கிற முறை தரையிலயே முட்டை போட ஆரம்பிச்ச வம்சத்தோட வந்தது, நமக்கும் பல்லிக்கும் பறவைக்கும் பொதுவான சொத்து. இதுல ஒரு சிக்கலும் கூடவே வந்துச்சு. காம்பவுண்டு சுவர் மேல ஓணான் ஓடறதைப் பாருங்க, விர்ருன்னு ஓடும், டக்குன்னு நிக்கும், மறுபடி ஓடும். சுத்தி நோட்டம் விடறது ஒரு காரணம், ஆனா மூச்சும் ஒரு காரணம். கால் பக்கவாட்டுல விரிஞ்சிருக்கிற பல்லி வகை ஓடும்போது உடம்பு இடதும் வலதுமா வளையுது, வளைக்கிறது விலாவோட ஒட்டின அதே தசைகள், மூச்சு இழுக்க வேண்டியதும் அதே தசைகள்தான். ஒரு பக்கம் வளையும்போது அந்தப் பக்க நுரையீரல் நசுங்கும், மறுபக்கம் விரியும், காத்து உள்ளுக்குள்ளயே இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுமே தவிர வெளிக்காத்து சரியா உள்ள வராது. 1987ல டேவிட் கேரியர் இதை விளக்கமா எழுதினதால அவர் பேர்லயே சொல்றாங்க. உடும்பு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு, தவளை மாதிரி தொண்டையால காத்தைத் தள்ளுது, நடந்துக்கிட்டே. 1999ல வந்த ஒரு ஆய்வுல அந்தத் தொண்டைப் பம்பை வேலை செய்ய விடாம பண்ணினப்போ உடும்பும் மத்த பல்லிங்க மாதிரி வேகம் கூடக் கூட மூச்சுக்குத் திணற ஆரம்பிச்சுது.

முதலை கதை இன்னும் அழகு. அதுக்கு ஈரல்தான் பிஸ்டன். ஈரல்ல இருந்து இடுப்பெலும்பு வரைக்கும் ஒரு தசை போகுது, அது இழுத்தா ஈரல் பின்னால நகரும், நெஞ்சுல இடம் கிடைக்கும், நுரையீரல் விரியும். நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற டயாஃப்ரம்ங்கற தசை செய்யற வேலையை அது வேற வழியில செய்யுது. அமெரிக்க முதலை வகையான அலிகேட்டர்ல பார்த்ததுல, இதே தசைகளை வெச்சு நுரையீரலையே உடம்புக்குள்ள முன்ன பின்ன நகர்த்தி தண்ணியில தலையைக் கவிழ்த்து முங்கவும் உருளவும் செய்யுதாம். முதலை அலையே எழுப்பாம அப்படியே அமுங்கறதைப் பார்த்திருப்பீங்க இல்லையா, அதுக்குப் பின்னாடி இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இந்த அலிகேட்டர்லதான் 2010 ஜனவரியில அந்த முக்கியமான ஆய்வு வந்துச்சு. யூட்டா பல்கலைக்கழகத்துல காலீன் ஃபார்மர், கென்ட் சாண்டர்ஸ் ரெண்டு பேரும் அலிகேட்டரோட நுரையீரல் குழாய்களுக்குள்ள காத்து ஓட்டத்தை அளக்கிற குட்டி சென்சார் வெச்சாங்க. மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் காத்து அதே திசையில ஓடுச்சு. செத்த அலிகேட்டரோட நுரையீரல்ல ஒளிர்ற நுண்மணிகள் கலந்த திரவத்தை ஏத்தி இறக்கியும் பார்த்தாங்க, அப்பவும் மணிகள் ஒரே பக்கமாத்தான் சுத்துச்சு. செத்த நுரையீரல்ல தசை எதுவும் இயங்காது, அப்போ அந்தக் குழாய்களோட அமைப்பே போதும்னு ஆகுது. இதுல கவனிக்க வேண்டியது, முதலைக்கு காற்றுப்பை கிடையாது. இறக்கை கிடையாது. வெயில்ல படுத்து உடம்பை சூடேத்திக்கிற பிராணி. ஆனா பறவையோட நுரையீரல்ல நாம அதிசயம்னு சொன்ன பாதி அதுகிட்ட ஏற்கனவே இருக்கு. பின்னால நைல் முதலையிலயும் இதையே பார்த்தாங்க.

முதலையும் பறவையும் பிரிஞ்சது சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி. முதல் பறவைன்னு சொல்ற ஆர்க்கியாப்டெரிக்ஸ் 15 கோடி. ரெண்டுக்கும் பொதுவான முப்பாட்டன்கிட்டயே ஒருதிசை ஓட்டம் இருந்திருந்தா, பறக்க ஆரம்பிக்கறதுக்கு 10 கோடி வருஷம் முன்னாடியே அது வந்தாச்சு.

அதுக்கப்புறம் 2014ல இன்னும் ரெண்டு. ஆப்பிரிக்க சவான்னா உடும்புல எம்மா ஷாக்னர் குழு அளந்தாங்க, அங்கயும் நுரையீரலோட பெரும்பகுதியில காத்து ஒரே திசை. உடும்பு நுரையீரல் பல அறைகளாப் பிரிஞ்சது, அறைக்கு அறை ஓட்டை இருக்கு, அது வழியா காத்து நகருது. அதே வருஷம் பச்சை இகுவானாங்கற பெரிய பல்லி வகையிலயும் பார்த்தாங்க, அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட பெரிய விஷயம். இகுவானாவுக்கு ரொம்ப எளிமையான நுரையீரல், உள்ள கிளைக்குழாயே கிடையாது. அதுலயும் காத்து பெரும்பாலும் ஒரு பக்கமா சுத்துது. காத்து உள்ள வர்ற கோணத்தாலயே அந்தச் சுழற்சி வந்துடுது. இப்ப உங்க கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்க தம்பி. முதல்ல வந்தது ஓட்டம், சாதாரண நுரையீரல்லயே காத்து கொஞ்சம் ஒரு பக்கமா சுத்த ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் அறை, குழாய், அப்புறம் பை. ஒவ்வொரு படியிலயும் பிராணி சாதாரணமா மூச்சு விட்டுட்டுதான் இருந்திருக்கு, துருத்தியை ஒரே நாள்ல கழட்டிட்டு புதுசு மாட்ட வேண்டிய அவசியமே வரல.

இதுல ஒரு வாதம் இன்னும் ஓடிட்டு இருக்கு, உடும்புக்கும் முதலைக்கும் இது ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்ததா இல்ல தனித்தனியா வந்ததான்னு. ஒரே மூதாதைன்னா 27 கோடி வருஷம் வாக்குல பின்னால போகணும். எளிமையான இகுவானாவுலயே வருதுன்னா பல தடவை தனித்தனியாவும் வந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் உங்க சந்தேகத்துக்கு பதில் ஒண்ணுதான், இது வர்றதுக்கு அவ்ளோ கஷ்டமான விஷயம் இல்ல.

ஓடாம பறக்காம கிடக்கிற பிராணிக்கு இதால என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. ஃபார்மர் ஒரு யோசனை சொல்றாங்க: இந்தப் பிராணிங்க ரொம்ப நேரம் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கும், அப்போ பக்கத்துல துடிக்கிற இதயத்தோட அதிர்வே நுரையீரல்ல இருக்கிற காத்தை மெதுவா சுத்த வைக்கும், தண்ணிக்குள்ள பதுங்கி இருக்கும்போது உள்ள இருக்கிற ஆக்சிஜனை முழுசா எடுத்துக்கலாம். இன்னும் சிலர், சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெரும்பாலான உயிரினங்கள் அழிஞ்சுபோன பெர்மியன் பேரழிவுக்கு அப்புறம் காத்துல ஆக்சிஜன் கம்மியா இருந்த காலத்துல இது கைகொடுத்துச்சுன்னு சொல்றாங்க. இகுவானாவுலயும் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு அதை முழு காரணமா என்னால ஏத்துக்க முடியல, உதவியிருக்கலாம், அவ்ளோதான்.

காற்றுப்பை எப்போ வந்துச்சுங்கறதுக்கு எலும்புதான் சாட்சி. பை எலும்புக்குள்ள நுழைஞ்ச இடத்துல ஓட்டையும் குழியும் விட்டுட்டுப் போகும், அது ஃபாசில்ல அப்படியே நிக்கும். மடகாஸ்கர்ல கிடைச்ச மஜுங்கசாரஸ்ங்கற மாமிசம் தின்னி டைனோசரோட முதுகெலும்புல பறவைக்கு இருக்கிற மாதிரியே கழுத்துப் பக்கமும் இடுப்புப் பக்கமும் பை நுழைஞ்ச தடம் இருக்குன்னு 2005ல காட்டினாங்க. நம்ம குஜராத்துல கிடைச்ச ராஜாசாரஸ் அதுக்கு சொந்தக்கார வகைதான். சௌரோபாடுங்கற நீளக் கழுத்து, இலைதழை தின்னி டைனோசர்களுக்கு இது இன்னும் அவசியம், சீனாவுல கிடைச்ச ஒரு இனத்துக்கு கழுத்து மட்டும் 15 மீட்டர் வாக்குல இருந்திருக்கும்னு கணக்கு சொல்றாங்க. அவ்ளோ நீள மூச்சுக்குழாயில நம்ம மாதிரி நுரையீரலை வெச்சா, இழுத்த காத்துல பெரும்பகுதி குழாயிலயே முன்ன பின்ன ஆடிட்டு இருக்கும். பெரிய பைகள் இருந்தா ஒவ்வொரு மூச்சுக்கும் குழாயையும் கடந்து நிறைய காத்தை இழுக்க முடியும், எலும்பும் லேசாகும். அரியலூர் கல்லமேட்டுல கிடைச்ச ப்ருஹத்காயோசாரஸும் இந்தக் கூட்டம்னுதான் சொல்றாங்க, அந்த எலும்புகள் பொடிஞ்சு போயிடுச்சுங்கறது எனக்கு இன்னைக்கும் பெரிய வருத்தம், இருந்திருந்தா சி.டி. ஸ்கேன்ல போட்டு உள்ள குழி இருக்கான்னு பார்த்திருக்கலாம்.

2022ல வந்த ஒரு ஆய்வு இதை இன்னும் சுவாரசியமாக்கிடுச்சு. பிரேசில்ல கிடைச்ச 23.3 கோடி வருஷப் பழைய மூணு டைனோசர்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க, முதுகெலும்புக்குள்ள பை நுழைஞ்ச தடமே இல்ல. ஆனா பின்னால வந்த சௌரோபாடுகள்ல இருக்கு, மாமிசம் தின்னிகள்ல இருக்கு, டைனோசர் இல்லாத பறக்கும் ஊர்வனவான டெரோசார்கள்லயும் இருக்கு. அப்போ பை எலும்புக்குள்ள நுழையறதுங்கறது குறைஞ்சது மூணு தடவை தனித்தனியா நடந்திருக்கணும். கோழி விலா எலும்பைக் கடிக்கும்போது நடுவுல கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு பின்பக்கமா நீட்டிட்டு இருக்கும், பக்கத்து விலாவைத் தொடும், மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் விலாவை நெம்ப தசைக்கு உதவுற கொக்கி அது. வெலாசிராப்டர்ங்கற மாமிசம் தின்னி டைனோசருக்கும் அது இருந்துச்சு. கடைசியா 2018ல சீனாவுல இருந்து ஆர்க்கியோரிங்கஸ்னு 12 கோடி வருஷப் பறவை ஃபாசில்ல நுரையீரலே பதிஞ்சிருக்கிறதைக் காட்டினாங்க, இன்னைக்கு இருக்கிற பறவையோட நுரையீரல் மாதிரியே இருக்குன்னு எழுதியிருக்காங்க.

பறக்கறதுக்காகத்தான் இந்த நுரையீரல் உருவாச்சுன்னு நினைக்கிறவங்க வௌவாலைப் பார்க்கணும். சாயங்காலம் கிளம்பிப் போற பழந்தின்னி வௌவாலுக்கு நம்மளது மாதிரி துருத்தி நுரையீரல்தான், கொஞ்சம் பெருசு, அதை வெச்சே பறந்துட்டு இருக்கு.

மத்த ஊர்வனவைப் பத்தி சுருக்கமா. பாம்புக்கு பெரும்பாலும் வலது நுரையீரல்தான் நீளமா இருக்கும், இடது சுருங்கிப் போயிருக்கும். அந்த வலது நுரையீரலோட பின்பாதியில ரத்தக்குழாய் ரொம்ப கம்மி, அதுவும் ஒருவகை காற்றுப்பைதான். 2022ல போவா பாம்புக்கு பிபி பார்க்கிற பட்டையைச் சுத்திக் கட்டி ஒரு இடத்துல விலாவை அசைய விடாம பண்ணினாங்க, உடனே அது வேற இடத்து விலாவை வெச்சு மூச்சு விட்டுச்சு. இரையை இறுக்கும்போதும் விழுங்கும்போதும் மூச்சு நிக்காம இருக்கிறது அப்படித்தான். ஆமைக்கு விலாவே ஓடா மாறிடுச்சு, அசைக்கவே முடியாது, அதனால வயித்துத் தசையை வெச்சு நுரையீரலை இழுக்குது. எவ்ளோ நேரம் முங்கினாலும் மூச்சுக்கு மேல வந்தே ஆகணும். 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்குல ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்குச்சே, இழுவலையில சிக்கி மேல வர முடியாம மூச்சு முட்டிப் போனதுதான் முக்கிய காரணமா சொன்னாங்க. வலையில ஆமை தப்பிக்கிற வழி வைக்கணும்னு சட்டமே இருக்கு, அதை நடைமுறைப்படுத்தினா போதும்.

பறவையோட நுரையீரல் எப்படின்னு தெரிஞ்ச பிறகு ரெண்டு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, காத்துல இருந்து அவ்ளோ திறமையா ஆக்சிஜன் எடுக்கிற உறுப்பு விஷத்தையும் அதே திறமையோட எடுத்துக்கும். வீட்ல லவ்பேர்ட்ஸ் வெச்சிருக்கிறவங்க நான்ஸ்டிக் தவாவை காய விட்டு மறந்துட்டா, நம்ம மூக்குக்கு எதுவும் தெரியறதுக்கு முன்னாடியே அந்தப் புகையில கூண்டுல இருக்கிறது செத்துடும். கூண்டை சமையலறைப் பக்கம் வைக்கவே வைக்காதீங்க, போகி அன்னைக்கு ஜன்னலையும் சாத்தி வைங்க. இன்னொண்ணு, மாஞ்சா நூல்ல சிக்கின காக்காயையோ பருந்தையோ கையில எடுக்கும்போது நெஞ்சைச் சுத்தி இறுக்கிப் பிடிக்காதீங்க. நமக்கு நெஞ்சை அழுத்தினா டயாஃப்ரமாவது கொஞ்சம் வேலை செய்யும், பறவைக்கு அப்படி ஒண்ணு இல்ல, நெஞ்செலும்பு கீழ இறங்கி மேல ஏறினாத்தான் பைக்குள்ள காத்தே வரும். துணியை மேல போட்டு, இறக்கையை உடம்போட சேர்த்து பக்கவாட்டுல மெதுவா பிடிங்க, நெஞ்சு அசையறதுக்கு இடம் விட்டு ஒரு அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு வெச்சு டாக்டர்கிட்ட கொண்டு போங்க.